நோன்பும் நோயும்

உண்ணாமைக்குத் திருச்சபையில் என்றும் ஒரு மதிப்பு உண்டு. தவக்காலத்தின் நாற்பது நாள்கள் அதற்குச் சான்று. ஆயினும், நோன்பின் சாயலைப் பூண்டு வரும் நோய் ஒன்றும் உண்டு. உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சத்தால் உணவை மறுத்து, எலும்பும் தோலுமாய் மெலிந்த பின்னரும் தன்னைப் பருமனாகவே காணும் நிலை அது. 1873-ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல், பாரிசில் சார்லஸ் லசேக் ஆகிய மருத்துவர்கள் இதனை விவரித்தனர். கல் இதற்கு அனோரெக்சியா நெர்வோசா எனப் பெயரிட்டார். அடக்கவியலாமல் மிகுதியாக உண்டு, பின் அதனை வாந்தியெடுத்து வெளியேற்றும் புலிமியா நெர்வோசாவை 1979-இல் ஜெரால்டு ரசல் தனி நோயாக இனங்கண்டார். இளம்பெண்களையே இந்நோய்கள் பெரிதும் தாக்குகின்றன. ஆண்களும் இவற்றுக்குத் தப்புவதில்லை.

இங்கே அறநெறி சார்ந்த வினா ஒன்று எழுகின்றது. கைக்கெட்டும் தொலைவில் சோறு இருக்க, அதனை மறுப்பவர் தாமே விரும்பியன்றோ மறுக்கிறார்? விருப்பத்தால் விளைந்ததெனில் அது பிடிவாதமாகாதா? இறைவன் தந்த உடலை அழிக்கும் பாவமாகாதா?

விரைந்து தீர்ப்பிடுவோர் ஓர் ஆய்வை அறிதல் நன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், மனமுவந்து முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவே அளித்தார். அவர்கள் நல்ல உடல்நலமும் மனநலமும் வாய்ந்தவர்கள். எடை பற்றிய கவலை சிறிதும் அற்றவர்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தபோது அவர்களது மனமும் மாறிற்று. பகலும் இரவும் உணவே நினைவாயிற்று. சிலர் சமையல் நூல்களைச் சேர்த்தனர்; ஒருவேளை உணவை நெடுநேரம் நீட்டி உண்டனர். சோர்வும் எரிச்சலும் மிகுந்து, நண்பரை விட்டு விலகினர். மீண்டும் உணவளித்த பின்னரும் அவர்கள் தேறப் பல மாதங்கள் ஆயின.

பட்டினி உடலை மட்டும் அன்று, சிந்தையையும் சிறைப்படுத்தும் என்பதே இதன் பாடம். முதல் மறுப்பில் விருப்பம் இருந்திருக்கலாம். நூறாவது மறுப்பில் நோயே பேசுகிறது. முழு அறிவும் முழு மனச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற மறைக்கல்வி அன்றோ?

அப்படியாயின் நோன்பையும் நோயையும் எங்ஙனம் பிரித்தறிவது? இயற்கை நிலைபெறத் தேவையான உணவை நேரிய பகுத்தறிவு ஒருபோதும் பறிக்காது என்பது புனித தோமஸ் அக்குவினாசின் தெளிவு. நோன்புக்கு ஒரு முடிவு உண்டு. அதன் எல்லையில் பாஸ்கா விருந்து காத்திருக்கும். மிச்சப்பட்ட சோறு ஏழையின் இலைக்குச் செல்லும். நோய்க்கோ முடிவும் இல்லை, விருந்தும் இல்லை. அது மனிதரைத் தனிமைக்கே இட்டுச் செல்லும்.

1380-இல் தம் 33-ஆம் வயதில் மறைந்த சியன்னா நகர்ப் புனித கத்தரீனாவின் உண்ணாமையை இந்நோயோடு ஒப்பிட்ட வரலாற்றறிஞர் உண்டு. அதனை மறுத்தோரும் உண்டு. அவ்வழக்கு எவ்வாறாயினும், பிறரைப் போல் உண்ணும் வரத்திற்காகத் தாம் இறைவனை மன்றாடி வந்ததாக அவரே மடலொன்றில் எழுதினார். உண்ணாமையை அவர் பெருமையாகக் கொள்ளவில்லை. உண்பதையே அருளாக வேண்டினார்.

நலம் பெறும் வழி உண்டு. ஆனால் அது குறுக்குவழி அன்று. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரெனப் பேருணவு அளித்தால் குருதியின் உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே கேடு வரலாம். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகவே உணவு கூட்டப்பெறும். மனநல மருத்துவமும் உடன் வேண்டும். இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறையொன்றில், வளரிளம் பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரே முதலில் ஏற்கின்றனர். பிள்ளை தேறத் தேற அப்பொறுப்பு பிள்ளையிடமே திரும்புகிறது. பழிச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. "இளைத்துவிட்டாய்", "தேறிவிட்டாய்" என்று உடலை அளந்து பேசும் நம் வழக்கத்தையும் நாம் விட்டாக வேண்டும். நோயுற்றோரை நோன்புக் கடமை கட்டாது என்பதை இத்தகைய பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பங்குத்தந்தையரின் பணி.

யாயிரின் மகளுக்கு வயது பன்னிரண்டு. இறந்த அவளை உயிர்ப்பித்த ஆண்டவர், அதன்பின் வீட்டாருக்கு இட்ட கட்டளைகளுள் ஒன்று, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. உயிர் அளித்தவர் அவர். உணவளிக்கும் பணியை மட்டும் அவ்வீட்டாரின் கைகளில் விட்டார். அப்பணி இன்றும் நம் கைகளிலேயே இருக்கிறது.