கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?

திருட்டு என்று எதைச் சொல்வது? பெரியவர்களோடு இதைப் பேசினால் சட்டம், சொத்து, வேதம் என்று எங்கெங்கோ போய் ஒதுங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் அது நடக்காது. எடுத்தமா இல்லியா, அது யாருது என்று இரண்டே கேள்வியில் மடக்கிவிடுகிறார்கள்.

திருப்போரூர் பக்கத்துக் கடலோரச் சேரி எங்களுடையது. எங்களுக்குக் கிறிஸ்மஸ் மரம் என்றால் சவுக்குதான். வாழ்த்து அட்டையில் வருகிற பனிநாட்டு மரத்தை எங்க தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆள் உயரத்துக்குச் சவுக்கு நுனியை வெட்டி வந்து, பழைய பெயிண்ட் டப்பாவில் மணலைப் போட்டு நட்டு, ஜிகினா சுற்றி, மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று வைப்போம். நாலு நாளில் காய்ந்து கொட்டும். பொங்கலுக்குள் அடுப்புக்குப் போய்விடும்.

வருஷம் முழுக்க அந்த மரம் எங்களுக்கு வேலை. கன்று நட்டு, தண்ணி ஊத்தி, நாலைந்து வருஷம் கழித்து வெட்டி, கழித்துக் கட்டி, லாரியில் ஏத்துவது வரைக்கும் எங்க ஜனம்தான். கழி சாரம் கட்டவும் பந்தல் போடவும் போகும், காகித மில்லுக்கும் போகும். மிஞ்சுகிற மிளாறு விறகு. கூலி மட்டும் எங்களுடையது, தோப்பு ஊர்த்தெருவுக்காரருடையது.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கூலி கொடுக்கக் கையில் காசில்லை என்று ஆண்டைமார் எல்லோரும் ஒரே பாட்டு. தோப்பில் சாய்ந்த மரங்கள் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்த நான், என் பிள்ளைகள் இரண்டு பேரையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனேன். அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது வயசு. சின்னவன் கொடுவாளை நான்தான் தூக்குவேன் என்று வழி முழுக்க அழுதுகொண்டு வந்தான். சாய்ந்து கிடந்ததில் ஒன்றின் நுனியை வெட்டினோம். பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

வரப்பில் பைக்கை நிறுத்திவிட்டு தோப்புக்காரர் மகன் வந்தான். என்னைவிடப் பதினைந்து வயசாவது சின்னவன். கோபப்படவில்லை, சிரித்தான். "இன்னா, பசங்களக் கூட்டிக்கினு வந்துட்டியா? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?" என்றான். எடுத்துக்கினு போ என்று கையையும் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. அடியில்லை, வசவில்லை. ஆனால் பாதி வழியில் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அப்ப நாம திருடிக்கினா வர்றோம்?"

அவன் திருட்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருந்தும் அவளுக்கு அது கேட்டிருக்கிறது. அந்தப் பேச்சை அன்றிலிருந்து நான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். அவனுக்கு அந்த நுனி தேவையில்லை. அவன் தோப்பில் கிடந்து மட்கப் போவதுதான். அவனுக்குக் குறைந்தது மரமில்லை, நான் போய் நிற்காத அந்த நிற்பு. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தாத்தா நின்ற நிற்பு.

கேட்பது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்க தெருவில் கேட்காத நாளே கிடையாது. உப்பு கேட்போம், குழம்பு கேட்போம், கல்யாணத்துக்குப் போக அடுத்த வீட்டுப் புடவை கேட்போம். இன்றைக்கு நான் கேட்டால் நாளைக்கு நீ கேட்பாய். அதில் யாருக்கும் முதுகு வளைவதில்லை. ஊர்த்தெருவிலிருந்து எங்க வாசலுக்கு வந்து யாரும் எதையும் கேட்டதில்லை. வெட்ட ஆள் அனுப்பு, குழி தோண்ட வா என்றுதான் வருவார்கள். ஒரு பக்கமாகவே நடக்கிற கேட்டலை எப்படிக் கேட்டல் என்பது? அது கும்பிடு. கும்பிடு போடாமல் எடுத்தால் திருட்டு, போட்டுவிட்டு எடுத்தால் தர்மம் என்கிற நியாயத்தை ஒன்பது வயசுப் பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அம்மாவுக்கு இது ஒப்பாது. "ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா பூடும்?" என்றாள். களவு செய்யாதே என்ற கட்டளையைக் காட்டினாள். நான் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தைக் காட்டினேன். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று அங்கே இருக்கிறது. அந்தக் கட்டளை யாருக்கு? நிலத்துக்காரனுக்கு. எளியவன் போய்க் கேட்க வேண்டும் என்று அந்த இடத்தில் ஒரு சொல்லும் கிடையாது. "ரூத்து கேட்டுட்டுதான பொறுக்குனா?" என்று அம்மா திருப்பினாள். வாஸ்தவம். அறுப்புப் பண்டிகைதோறும் ரூத்தின் பணிவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஓரத்தை விட்டுவை என்று நிலத்துக்காரனுக்குச் சொன்னதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. சொல்லவேண்டியவர்கள் முன்வரிசையில் உட்காராததால் இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தோப்பு டி.சி. நிலம். ஊரில் கிழம் கட்டைகளுக்கெல்லாம் தெரியும், அ பதிவேட்டிலும் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892இல் வெள்ளைக்கார அரசாங்கம் எங்களுக்கென்று ஒதுக்கச் சொன்ன பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் எங்க ஜனத்துக்குள்தான் விற்கவேண்டும் என்று நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. எங்க ஊரில் அது எந்தக் கடனுக்கு, எத்தனை மூட்டை கேழ்வரகுக்குக் கைமாறியதோ, இப்போது அதில் சவுக்கு நிற்கிறது. அப்படியானால் அன்றைக்கு யார் யாரைக் கேட்டிருக்க வேண்டும்?

இந்த நிலத்தையும் நாம் கேட்டுத்தான் பார்த்தோம். மனு என்பதும் கேட்பதுதானே. 1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டு போய்க் கேட்டவர்களைப் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா என்று சிரிக்கிறவனுக்கு இந்த வரலாறு தெரியாமலிருக்கலாம். எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "எல்லாஞ் சரிதான். நீ சொல்லிக் குடுத்துட்டு லீவு முடிஞ்சா பட்டணம் பூடுவ. அடுத்த வருசம் கொடுவாள எடுத்துக்கினு அங்க போய் நிக்கப்போறது இந்தப் புள்ள. உன்கிட்ட சிரிச்ச மாதிரி இவகிட்ட சிரிப்பானா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று தள்ளுவதற்கும் மனசு வரவில்லை. நாற்பது வருஷம் அந்தத் தோப்பில் வேலை செய்தவளின் கணக்கு அது. நியாயம் என்னுடையது, அதற்கு வாங்கப்போகிற அடி அவளுடையது என்றால், சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை தன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டே வளரும். அதுவும் அடிதான்.

அன்று ராத்திரி மரத்துக்கு ஜிகினா சுற்றும்போது அவளுக்கு இரண்டு விஷயம் சொன்னேன். டி.சி. நிலம் என்றால் என்ன என்று சொன்னேன். அங்கே தனியாகப் போகாதே என்றும் சொன்னேன். முதலாவதைத் திருப்பிக் கேட்கவில்லை. "நம்முதுன்னா ஏன் மாமா தனியாப் போவக் கூடாது?" என்றுதான் கேட்டாள்.