மௌனம் சம்மதமா?

உங்கள் செல்போனை எடுங்கள். வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.களை ஒரு மூன்று மாதத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். சம்பளம் வந்தது, இ.எம்.ஐ. போனது, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க்... நடுநடுவே 149, 299, 499 என்று சில எண்கள் எட்டிப் பார்க்கும். எதற்காகப் போன பணம் என்று சட்டென்று ஞாபகம் வருகிறதா? வரவில்லை என்றால் இந்த வாரம் நாம் பேச வேண்டியிருக்கிறது. வந்தாலும் பேசலாம், தப்பில்லை.

என் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். வயது 76. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். பால் கணக்கில் ஒரு நாள் அரை லிட்டர் கூடுதலாக ஏறியிருந்தால் மாசக் கடைசியில் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஊர் வீட்டுப் பத்திரங்களை செல்போனில் படம் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்குவதற்காக ஒரு சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்தார். 'ஏழு நாள் இலவசம், இப்போது இரண்டே ரூபாய்' என்றது அது. இரண்டு ரூபாய்தானே! யு.பி.ஐ. பின்னைப் போட்டார். வேலை முடிந்தது. மூன்றாம் நாள் அந்த ஆப்பை போனிலிருந்து அழித்தும் விட்டார். கதை முடிந்தது என்பது அவர் கணக்கு.

வருமான வரிக் கணக்குக்காக அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டை நான் பார்த்தபோதுதான் தெரிந்தது, கதை முடியவில்லை. மாதம் 499 ரூபாய். பதினான்கு மாதம். 6,986 ரூபாய்.

"என்னப்பா இது?"

"அதுவா... ஏதோ பேங்க்காரன் பிடிக்கறான்னு நினைச்சேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "உன்கிட்ட ஒரு தடவை மெசேஜைக் காட்டினேனே. அப்புறம் பாக்கலாம்னு சொன்னே."

இந்த வரியை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன். திரும்பி வருவோம்.

சந்தாவை நிறுத்த உட்கார்ந்தேன். ஆப்பை மறுபடி டவுன்லோடு செய்தால்தான் கணக்குக்குள் போகவே முடிந்தது. சேர்வதற்கான பொத்தான் முதல் பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று இருந்தது. விலகுவதற்கான பொத்தான்? செட்டிங்ஸ், அதற்குள் அக்கவுன்ட், அதற்குள் பிளான், அதற்கும் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. அழுத்தினால் ஓர் அழுகிற பொம்மை. 'எங்களை விட்டுப் போகிறீர்களா?' ஆமாம். 'ஏன் என்று சொல்லலாமே?' சொன்னேன். 'பாதி விலைக்குத் தருகிறோம்.' வேண்டாம். கடைசியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'தொடர்கிறேன்'. இன்னொன்று, 'என் ஃபைல்களை இழக்கச் சம்மதிக்கிறேன்'. கடன்பட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டுதான் வெளியே வர வேண்டியிருந்தது.

நான் பி.காம். படித்தவன். பி.காம். படித்தவர்களுக்கு ஒரு குதிரையைத் தெரிந்திருக்கும். மெர்க்கன்டைல் லா வகுப்பில் வரும் குதிரை. 1862-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான வழக்கு. ஃபெல்ட்ஹவுஸ் என்று ஒருவர். பெரியப்பாவோ சித்தப்பாவோ, இங்கிலீஷ்காரர்களுக்கு எல்லாரும் அங்கிள்தான். சகோதரர் மகனிடமிருந்து ஒரு குதிரையை வாங்கப் பேசினார். விலையில் ஒரு குழப்பம். வித்தியாசத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து 30 பவுண்டு 15 ஷில்லிங் என்று ஒரு கடிதம் எழுதினார். உன்னிடமிருந்து பதில் ஏதும் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன், இதுதான் கடிதத்தின் சாரம். பையன் பதில் போடவில்லை. குதிரையை விற்காதே என்று ஏலக்காரரிடம் சொல்லி வைத்திருந்தான். அவர் மறந்துபோய் ஏலத்தில் விட்டுவிட்டார். என் குதிரையை எப்படி விற்கலாம் என்று பெரியவர் ஏலக்காரர் மேல் வழக்குப் போட்டார். கோர்ட் சொன்னது: குதிரை உங்களுடையதே இல்லை. பதில் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நீங்களாக ஓர் ஒப்பந்தத்தை அடுத்தவர் தலையில் கட்ட முடியாது.

நமக்கோ 'மௌனம் சம்மதம்' என்பது பழமொழி. 1990-ல் மம்முட்டி நடித்து அந்தப் பெயரில் ஒரு தமிழ்ப் படமே வந்தது. ஆனால் சட்டம் 160 வருடங்களுக்கு முன்பே மௌனம் சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படியானால் 499 ரூபாயை மாதாமாதம் எடுத்தவர்கள் திருடர்கள்தானே?

அவசரப்படாதீர்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பையன் முதலிலிருந்தே எதற்கும் 'சரி' சொல்லவில்லை. என் அப்பா சொன்னார். பின் நம்பர் போட்டார். ஏழு நாளுக்குப் பிறகு 499 என்று எங்கோ கீழே எழுதித்தான் இருந்தது. எனவே கேள்வி வேறு. மௌனம் சம்மதமா என்பதல்ல. ஒரு 'சரி' எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் பேப்பர் போடுகிறவரிடம் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை 'சரி' சொன்னேன். இன்னமும் போடுகிறார். ஏமாந்துவிட்டோம் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. ஏன்? பேப்பர் தினமும் வாசலில் விழுகிறது. எதற்குக் காசு கொடுக்கிறேன் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மாதம் பிறந்தால் அவரே கேட் அருகில் வந்து நிற்கிறார். நான் பணத்தை எடுத்து நீட்டும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு புது 'சரி'. வேண்டாமென்றால், "நாளைலேர்ந்து வேண்டாம்ப்பா" என்ற ஒரு வாக்கியம் போதும். "ஏன் சார்?" என்று கேட்பார். அழுகிற பொம்மையைக் காட்ட மாட்டார்.

சம்மதம் பால் மாதிரி. அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். ஒரு நாள் வாங்கியதை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஓட்ட முடியாது.

அதற்காகத் தானாகப் பணம் போகிற ஏற்பாடே பாவம் என்று சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம் தானாகப் போவதால்தான் பல குடும்பங்களில் பாலிசி காலாவதியாகாமல் இருக்கிறது. அங்கே என் மறதியிலிருந்து அது என்னைக் காப்பாற்றுகிறது. இன்னொரு இடத்தில் அதே ஏற்பாடு என் மறதியைத் தின்று வாழ்கிறது. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: நான் மறந்துபோனால் யாருக்கு லாபம்?

ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக் மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்கை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்து தடவைக்கான பாஸ் வாங்கினால் ஒரு தடவைக்கு 10 டாலர். மாதச் சந்தா கட்டியவர்களோ, போன தடவைகளை வைத்து வகுத்துப் பார்த்தால், ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாளை முதல் தவறாமல் போவோம் என்ற நம்பிக்கைதான். நம் சோம்பேறித்தனம் நமக்குத் தெரிவதற்கு முன் வியாபாரிக்குத் தெரிந்துவிடுகிறது.

தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்கிறார் என்பதில்தான் அறம் வருகிறது. இப்படிச் சிக்கவைக்கும் வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ்காரர் 2010-ல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-ல் அமேசான் மீது ஒரு வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழிக்கு கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று அந்த மனு சொன்னது. ஹோமர் எழுதிய நீண்ட போர்க் காவியம். நம்மூராக இருந்தால் மகாபாரதம் என்று வைத்திருப்பார்கள். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அமேசான் சமாதானமாகப் போனது. சந்தாவைப் பாதியில் நிறுத்தினால் விதிக்கும் கட்டணத்தை மறைத்து வைத்தது என்று அடோபி மீதும், அதே கமிஷனின் பரிந்துரையின் பேரில், அமெரிக்க அரசு 2024-ல் வழக்குத் தொடுத்தது.

ஜெர்மனி நேராக விஷயத்துக்கு வந்தது. இணையத்தில் சந்தா விற்றால், விலகுவதற்கும் தெளிவான ஒரு பொத்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 2022 ஜூலை 1 முதல் சட்டம். நம் நாட்டிலும் சும்மா இல்லை. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை டார்க் பேட்டர்ன்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. சந்தாப் பொறி அதில் ஒன்று. ரிசர்வ் வங்கியின் விதியால், 2021 அக்டோபர் முதல், இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

கையோடு நான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. ஆண்ட்ராய்டு போனில் வாங்கியிருந்தால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் கிடைக்கும். யு.பி.ஐ. வழியாகப் போகிறதென்றால் உங்கள் யு.பி.ஐ. ஆப்பிலேயே 'ஆட்டோபே' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே அனுமதியை ரத்து செய்யலாம். கார்டு என்றால் வங்கியிடம். ஆனால் பணப் பாதையை மட்டும் அடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கம்பெனியிடமும் சந்தாவை ரத்து செய்து, அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போது, ஓரமாக வைத்த அந்த வரி.

24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்றேன் இல்லையா? வந்திருக்கிறது. பதினான்கு மாதமும் வந்திருக்கிறது. இங்கிலீஷில், சுருக்கெழுத்து மாதிரி ஒரு வரியில். அப்பாவுக்கு அது புரியவில்லை. புரியாததால் என்னிடம் காட்டினார். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "அப்புறம் பாக்கலாம்ப்பா" என்றேன்.

"அதுக்கப்புறம் ஏம்ப்பா கேக்கலை?"

"நீ பிஸியா இருக்கே. இதுக்கெல்லாம் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

அதாவது, என்னைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காக அவர் மாதம் 499 ரூபாய் கட்டியிருக்கிறார். அந்த கம்பெனி அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. நானும்தான். அவர் மறுபடி கேட்கவில்லை, எனவே பிரச்னை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். 'பிறகு நினைவூட்டவும்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போனவன் நான்.

இன்னொன்றும் உண்டு. அப்பா கஷ்டப்பட்டு ஒன்றாகச் சேர்த்த அந்த பி.டி.எஃப்.பைத் திறந்து பார்த்தேன். அதில் என் அத்தை கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரமும் இருந்தது. வீட்டில் தன் பங்கு வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது. சின்ன வயதிலிருந்து இதைப் பற்றி எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். "அத்தை ஒண்ணுமே சொல்லலை, போட்டுக் கொடுத்துட்டா" என்பார்கள், பெருமையாக. அத்தை சரி என்று சொன்னதாக ஒருத்தரும் சொன்னதில்லை.

கையெழுத்து இருக்கிறது, சட்டப்படி செல்லும். என் அப்பாவின் பின் நம்பரும் அப்படித்தான் சட்டப்படி செல்லுபடியானது. ஒருத்தர் 'வேண்டாம்' என்று சொல்வதை எவ்வளவு சுலபமாக்கி வைத்திருக்கிறோம் என்பதை வைத்துத்தான் அவருடைய 'சரி'க்கு மதிப்பு. கம்பெனிக்கும் இதே கணக்கு. குடும்பத்துக்கும் இதே கணக்கு.

கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். கடைசி மாதத்து 499-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி பதின்மூன்று மாதத்துக்கு, 'உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்' என்று ஒரு பதில் வந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய எஸ்.எம்.எஸ்.களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஒரு கால் மணி நேரம். போன வாரம் திடீரென்று கேட்டார்: "ஏம்ப்பா, நீ எழுதற பத்திரிகைக்கு வருஷ சந்தா கட்டியிருக்கேனே, அதுவும் தானா எடுத்துப்பானா?"

"இல்லப்பா. முடியறப்ப லெட்டர் போட்டுக் கேப்பாங்க. வேணும்னா கட்டலாம்."

"அப்பன்னா சரி" என்றார்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அத்தையைப் பார்க்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.