மாலை கழற்றிய மறுநாள்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள்; பெண்களும் இருந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்ததும், டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே கேள்விதான்: "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" உயர் நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டார்கள்.

பணத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் இதன் வேர் சமயத்தில் இருக்கிறது. குடிப்பவன் தானே விரும்பிக் குடிக்கிறானா, தன்னை மீறிக் குடிக்கிறானா? முதலாவது என்றால் அது பாவம், தண்டனைக்கு உரியது. இரண்டாவது என்றால் அது நோய், இரக்கத்துக்கு உரியது. மூளை ஆராய்ச்சி நோய் என்ற பக்கம் நிற்கிறது, சமயம் பாவம் என்ற பக்கம் நிற்கிறது என்பது பொதுவான எண்ணம். அது சரியல்ல.

எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் என்று கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள சேலம் சாலை ஊர்களில் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடும் வீடுகள் ஏராளம். தினமும் மதுக்கடைக்குப் போய்வந்தவர் 41 நாள் ஒரு சொட்டும் தொடமாட்டார். விடியுமுன் குளியல், கறுப்பு வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு, வாய்க்கு வாய் 'சாமி'. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் பழைய இடத்தில் நிற்பார். "அப்ப முடிஞ்சது, இப்ப ஏன் முடியல? திமிரு" என்று வீடும் ஊரும் முடிவு கட்டிவிடும்.

திமிர் இல்லை. 1990-களில் நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின் துடிப்பை அளந்தார். முதலில் பழச்சாறு வாயில் பட்டபோது அந்தச் செல்கள் துடித்தன. பழகிய பிறகு, சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வந்தபோது அசையவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993-இல் இன்னும் ஒரு படி போனார்கள். மூளையில் இன்பம் வேறு, ஏக்கம் வேறு. போதை முற்ற முற்ற இன்பம் வளராது, ஏக்கம் மட்டும் வளரும் என்றார்கள். குடியில் சுகமே இல்லை என்று அழுதுகொண்டே குடிக்கும் மனிதனை நம் ஊரில் பார்க்காதவர் யார்? கடைத்தெரு, கூட்டாளியின் குரல், சம்பளநாள் மாலை, இவைதான் அவனுக்கு அந்த விளக்கு.

பழகிய பாதை மூளையில் அழிவதில்லை. அதன்மேல் புதிய பழக்கம் படிந்து அதை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். சூழல் பழையதானால் பழக்கமும் எழும். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். போர்க்களம் போனதும் பிடியும் தளர்ந்தது. கருணாபுரத்தின் கூலித் தொழிலாளிக்குத் திரும்பிப்போக வேறு ஊர் ஏது?

சமயம் சொல்வதைக் கேட்க வெகுதூரம் போக வேண்டாம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் திருவெண்ணெய்நல்லூர். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அங்கிருந்துதான் சிவஞானபோதத்தைத் தந்தார், பன்னிரண்டே சூத்திரங்கள். உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும், படிகத்தில் அருகிலுள்ள நிறம் ஏறுவது போல என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. உயிரைப் பிணிக்கும் ஆணவ மலம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்கும் என்பது இன்னொன்று. அதனால்தான் பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் பெற்றவரையும் தனியே விடாமல், அன்பரோடு கூடியிரு, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழு என்கிறது. மெய்கண்டார் பேசியது உயிரைப் பற்றி, நரம்பைப் பற்றி அல்ல. இரண்டையும் ஒன்றாக்குவது அவருக்கும் அறிவியலுக்கும் செய்யும் தீங்கு. ஆனால் விடுதலை கிடைத்த பின்னும் சார்பு வேண்டும் என்ற அந்தத் தெளிவு, மாலை கழற்றியவனுக்கு அப்படியே பொருந்துகிறது. அவனுக்கு மன உறுதி குறையவில்லை. 41 நாளும் அவனைத் தாங்கிய குருசாமி, பஜனை, கூட்டம் எல்லாம் ஒரே நாளில் கலைந்துபோயின.

1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் முதல் படியே "குடிக்கு முன் நாங்கள் வலுவற்றவர்கள்" என்ற ஒப்புதல்தான். மேலான ஒரு சக்தியை நம்பி, வாராவாரம் கூடிப் பேசுகிறார்கள். 2020-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் இந்த வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல இடங்களில் மேல் என்று கண்டது. நம் கோயில்களையும் ஆய்வாளர்கள் விடவில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ரகுராமும் சகாக்களும் அளந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மிரட்டல் இல்லாத ஆதரவான சூழல், உறவினர் கூடவே இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். நம்பிக்கை இருந்தால் போதும் என்பவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. மது, போதையால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது.

மாலைக்கே ஓர் ஆபத்து உண்டு. பல ஆண்டுகளாகத் தினமும் குடித்த மூளை, மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். முதல் நாளில் கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாத உருவங்கள் தெரியும், குழப்பம் வரும், உயிரும் போகலாம். இதைச் 'சாமி குத்தம்' என்று திருநீறு பூசி உட்கார்ந்திருக்கக் கூடாது. சில நாள் மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்துத் தடுக்கக்கூடிய நிலை இது. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உண்டு. விரதத்துக்கு இவை விரோதமில்லை.

திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல்தான் சூதாட்டத்தைப் போதை நோய்களின் வரிசையில் சேர்த்தது. வள்ளுவர் நோய் என்று கருதித்தான் அடுக்கினார் என்று சாதிக்க வேண்டாம். அடுத்தடுத்து வைத்திருக்கிறார் என்பது போதும்.

இந்தக் கார்த்திகையில் உங்கள் வீட்டில் ஒருவர் மாலை போடப் போகிறார் என்றால், அதற்கு முன்னதாக அவரைச் சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள்; எவ்வளவு குடித்தார், எத்தனை ஆண்டு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குருசாமிகளே, மாலை கழற்றிய பிறகும் வாரம் ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வெளியில் சொல்லத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.