பிப்ரவரி இரவின் மின்சாரம்

காற்றாலை மின்சாரத்திலேயே இயங்குவதாகச் சென்னையின் பெரிய ஹோட்டல் ஒன்று சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கமோ கயத்தாற்றிலோ அதன் கணக்குக்கென்று காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கலாம். தனியாக முதல் போட முடியாதவர்கள் குழுவாகவும் சேரலாம். உற்பத்தி நிறுவனத்தின் பங்கில் 26 சதவீதமாவது பயனாளர்களிடம் இருக்க வேண்டும், மின்சாரத்தில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும் என்கின்றன 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகள். அங்கே உற்பத்தியாகும் யூனிட்டுகள் இங்கே பில்லில் கழிகின்றன. இப்படிப் பணம் போட ஆள் இல்லாதிருந்தால் தென்மாவட்டங்களில் இத்தனை காற்றாலைகள் எழுந்திருக்காது. அந்த நன்மையை மறுப்பது நேர்மையல்ல.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்று வலுப்பது மே முதல் செப்டம்பர் வரை. ஹோட்டலுக்கோ ஆண்டு முழுக்க, அதிலும் இரவில், மின்சாரம் வேண்டும். இதற்காகவே பேங்கிங் என்றொரு ஏற்பாடு வந்தது: ஜூலையில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்துவிட்டுப் பின்னர் எடுத்துக்கொள்வது. ஏட்டில் அது காற்று மின்சாரம்தான். ஆனால் பிப்ரவரி மாத இரவில், முகூர்த்தத்துக்கு முந்தைய வரவேற்பு நடக்கும் மண்டபத்தைக் குளிர்விக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் பிறந்தது.

அந்த நிலக்கரி எரியும் இடங்களில் ஒன்று எண்ணூர். வட சென்னை அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் ஆண்டுக்கணக்காகச் சாம்பல் படிந்திருக்கிறது. நீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் மக்கள் அங்கே உண்டு. அவர்கள் விரல்கள் துழாவும் சேற்றில் இன்று சாம்பல் கலந்திருக்கிறது. பசுமை என்ற நல்ல பெயர் ஹோட்டலுக்குப் போகிறது, அதன் இரவு நேரத் தேவையின் சுமை இவர்கள்மேல் விழுகிறது. ஆண்டுக் கணக்கு நேராகிவிட்டது என்ற பதில் இவர்களிடம் செல்லாது.

விருந்தினர் கேட்கிறார், கொடுக்கிறோம் என்பது ஹோட்டல்காரர்களின் வாதம். அதில் பாதி நியாயம்தான். ஆளில்லாத மண்டபத்தை முன்கூட்டியே பல மணி நேரம் குளிர்விக்கச் சொல்லி எந்த விருந்தினரும் கேட்பதில்லை. ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தை வீணாக்கிவிட்டு, குளியலறைக்கும் சலவைக்கும் டீசல் பாய்லரில் தண்ணீர் காய்ச்சச் சொல்வதும் இல்லை. அந்த வெப்பத்தைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றைப் பொருத்தாமல், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று கட்டில்மேல் அட்டை வைப்பது, தன் கடமையை வாடகை கொடுப்பவர் தலையில் ஏற்றுவது. எரிச்சலூட்டும் வழக்கம் இது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய லாட்ஜின் மொட்டைமாடியையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் நிற்கும். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும் என்று வரவேற்பு மேசையில் எழுதியிருக்கும். செலவை மிச்சம் பிடிக்கவே வைத்திருப்பார்கள், பசுமை என்று பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். சான்றிதழும் இல்லை. நேற்றைய வெயில் இன்றைக்குக் குளிக்கும் தண்ணீராகிறது, அவ்வளவே. நோக்கம் எதுவானாலும், யார்மேலும் சாம்பல் கொட்டாத அந்த வாளி வெந்நீருக்கு அறத்தின் தராசில் எடை அதிகம்.

பெரிய ஹோட்டல்கள் காற்றாலையை விட்டுவிட வேண்டும் என்பதல்ல கோரிக்கை. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு காற்று, எவ்வளவு நிலக்கரி என்று அவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மிஞ்சும் நிலக்கரிப் பங்கை ஆண்டுதோறும் குறைத்துக்காட்ட வேண்டும். நேரவாரியாகக் கணக்கு வைக்க வழியில்லை என்று சொல்லவும் முடியாது. உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களிடம் மின்வாரியம் உச்ச நேரத்துக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. எந்த நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்பதை மீட்டர் பதிவு செய்கிறது, ஹோட்டலின் கணக்குப் பிரிவு மாதாமாதம் அதைச் சரிபார்த்துத்தான் பணம் கட்டுகிறது.