லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

விஞ்ஞான வளர்ச்சியால் மனித சமுதாயத்துக்கு நன்மையா, தீமையா? இக்கேள்வியை எழுப்பினால் ஒரு சாரார் மருந்தையும் ஆகாய விமானத்தையும் காட்டுவார்கள். மறு சாரார் அணுகுண்டைக் காட்டுவார்கள். அவ்வளவு தூரம் போக எனக்குப் படிப்புப் போதாது. நான் கடைக்காரன். நம் சரக்கு வரும் இரும்புப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

1956-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். ஆட்களைக் கொண்டு ஒரு டன் சரக்கு ஏற்ற அப்போது ஏறக்குறைய 6 டாலர் செலவு. பெட்டியிலோ 16 சென்டுதான்! 1972 ஜூன் 23-ல் சிங்கப்பூர் தஞ்சோங் பகாருக்கும் முதல் கொள்கலன் கப்பல் வந்துவிட்டது.

அதற்கு முன் கப்பல்கள் வெளித்துறையில் நங்கூரமிடும். தொங்கான்கள் போய்ச் சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவரும். கூலிகள் ஒற்றைப் பலகைமேல் நடந்து, மூட்டையை முதுகில் சுமந்து கிட்டங்கியில் அடுக்குவார்கள். ஆதியில் அந்தப் படகுத் தொழிலில் நம் சூலியா மக்களே முன்நின்றார்கள் என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார்கள். ஆற்றைச் சுத்தம் செய்தபோது, 1983-ல், மிஞ்சிய தொங்கான்களும் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின.

கொக்கி கிழித்த சாக்கு, நனைந்த மிளகாய், வழியில் களவு போனது என்று ஒவ்வொரு வரவிலும் நஷ்டம் என்பார் என் அத்தா. பெட்டி வந்தபின் அது நின்றது. வாங்குகிறவருக்கும் விலை சகாயம். கூலியின் பிள்ளை மூட்டை தூக்காமல் படிக்கப் போனானென்றால் அதுவும் நன்மையே. பழைய காலத்தைப் புகழ்கிறவர் ஒரு நாள் அந்த மூட்டையைச் சுமந்து பார்க்கட்டும்.

ஆனால் அன்று ஐம்பது வயதான கூலிக்கு? பேரனுக்கு வரப்போகும் நன்மை அவன் சோற்றுப்பானையில் விழவில்லை. நாமோ நம் வீட்டு லாபத்தையும் அவன் வீட்டு நஷ்டத்தையும் ஒரே பேரேட்டில் எழுதி, கழித்து, மிச்சத்துக்கு ‘மனித சமுதாயத்தின் நன்மை’ என்று பெயர் வைக்கிறோம். கடையில் ஒரு கணக்கப்பிள்ளை இப்படி எழுதினால் விடுவோமா?

இது பழங்கதையன்று. சென்ற வருஷம் என் கடையில் இருப்பும் பற்று வரவும் பார்க்கக் கம்ப்யூட்டர் வைத்தேன். அத்தா காலம் முதல் கணக்கெழுதும் காக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலையை அது நொடியில் முடிக்கிறது. அதைத் திருப்பி அனுப்புவது மடமை. ஆனால் அது மிச்சப்படுத்தும் பணத்தில் அவருக்கு ஹக் இல்லையென்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. சம்பளத்தைக் குறைக்காமல் முன்கடையில் உட்கார வைத்திருக்கிறேன்.

“சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க வெட்கமா இருக்கு தம்பி, ஊருக்குப் போயிடுறேன்” என்றார் நேற்று. அவர் வாங்குவது தருமக் காசன்று என்பதை அவர் மனம் ஒப்பும்படி சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை அகப்படவில்லை. மாதம் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.