வீடு வாங்கலாம், ஊர்?

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவம் நெருங்க நெருங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரு காற்று புறப்பட்டு வரும். பகலெல்லாம் காய்ந்து கிடந்த கொங்கு மண்ணுக்கு அது இறைவன் அனுப்பும் ஆறுதல். அந்தக் காற்றுக்காகவும், சிறுவாணித் தண்ணீருக்காகவும், நல்ல மருத்துவமனைகள் அருகில் இருப்பதற்காகவும் கடந்த இருபது ஆண்டுகளாக ஒரு புதிய குடியேற்றம் கோவையை நோக்கி நடந்து வருகிறது. வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே முதியோருக்கென்றே எழுந்துள்ள குடியிருப்புகளைக் காணலாம். உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர்களும், வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்களும், பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டவர்களுமே அங்கு இருப்போரில் பலர். 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஆகவே இது ஒரு சிலரின் கதையன்று.

அத்தகைய குடியிருப்பொன்றில் வாழும் ஒரு முதிய தம்பதியரை நான் அறிவேன். அவர் கீழைக் கடற்கரையைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகள் வளைகுடாவில் கணக்கெழுதியவர். பூர்வீக வீட்டை விற்றுவிட்டு மலை தெரியும் இந்த இடத்துக்கு வந்தார்கள். கோடையில் அவர்களுடைய நாள் ஒழுங்காகக் கழியும். ஸுப்ஹு தொழுகைக்குப் பின் வெயில் ஏறுமுன் மதிலுக்குள்ளேயே நடை. பொதுச் சமையற்கூடத்திலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் உணவு. லுஹருக்குப் பின் உறக்கம். அஸருக்குப் பின் காற்று வரும் திண்ணை. இஷாவுக்குப் பின் தொலைபேசித் திரையில் பேரப்பிள்ளையின் முகம். குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் மாலை அவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, எல்லாம் சரிதான். என் மூச்சு நின்றால் சந்தூக்கைத் தூக்கப் போகிறவர்கள் யார்? ஊர் ஜமாஅத்தில் சந்தாவை நிறுத்திப் பல வருஷமாகிறது. இங்கே எந்தப் பள்ளிவாசலிலும் என் பெயரில்லை.”

அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். முதுமையில் மனிதன் தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்துகொள்ளலாமா? தேர்ந்துகொண்டால், அந்த இடத்துக்கு அவன் பட்ட கடன் யாது?

இத்தகைய நிலை வந்ததும் உலகம் பிள்ளைகளைத்தான் ஏசுகிறது. பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களிடம் சலிப்பான ஒரு சொல்லையும் உதிர்க்கலாகாது என்று திருமறை கட்டளையிடுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகளின் கடமையை வலியுறுத்துகிறது. அந்தக் கடமையில் தவறியோர் இறைவனிடம் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் நடுநிலையோடு ஒன்றை ஒப்புக்கொள்வோம். பிள்ளையைப் படிக்கவைத்து, கடன் வாங்கி, விமானம் ஏற்றிவிட்டவர்கள் நாமே. சபராளிகளின் சமுதாயம் நம்முடையது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் நம் முன்னோர் சென்றனர். அன்று வாலிபன் சபர் போனான். முதியவன் ஊரில் இருந்தான். இன்று பிள்ளை போன இடத்தில் வேரூன்றிவிட, பெற்றோர் சொந்த நாட்டிலேயே சபராளிகளாகிவிட்டனர். இதில் குற்றவாளியைத் தேடுவதைவிட, இனி வாழவேண்டிய வழியைத் தேடுவதே அறிவுடைமை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரான்சின் தென்மேற்கிலுள்ள தோர்தோஞ் மாவட்டத்துக் கிராமங்களில் ஓய்வு பெற்ற ஆங்கிலேயத் தம்பதியர் பல்லாண்டுகளாகக் குடியேறி வாழ்கின்றனர். கல் வீடும், உச்சிப்பொழுதில் சாத்திவைக்கும் மரச் சன்னலும், வாரச் சந்தையும், நெடிய கோடை அந்தியும் அவர்களை ஈர்த்தன. ஆனால் 2020ஆம் ஆண்டில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. 2021 பிறந்ததிலிருந்து, அங்கே வீடு மட்டும் வைத்துக்கொண்டு வந்துபோகும் ஆங்கிலேயர், விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. நிலையாகக் குடியிருந்தோருக்கோ, அனுமதி அட்டை பெற்றுத் தொடர்ந்து வாழ வழியிருந்தது. வீட்டுப் பத்திரம் வேறு, ஊரின் உரிமை வேறு என்று அச்சட்டம் அவர்களுக்குக் காட்டியது.

அதே பிரான்ஸ் இதைவிடக் கொடிய பாடமொன்றையும் தந்தது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அங்கே கடும் வெப்பம் தாக்கிச் சுமார் 15,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் முதியவர்கள். அது விடுமுறைக் காலம். நகரங்கள் காலியாகிக் கிடந்தன. சன்னல் திறந்திருக்கிறதா, தண்ணீர் குடித்தாரா என்று கேட்க ஆளில்லாமல் பலர் தனியறைகளில் இறந்துபோனார்கள். பாரிஸ் நகரில் 57 உடல்களைக் கேட்டு எவரும் வரவில்லை. செப்டம்பரில் குடியரசுத் தலைவர் முன்னிலையில் அவை அடக்கம் செய்யப்பட்டன. அதன்பிறகே, தனித்து வாழும் முதியோரின் பெயர்ப் பட்டியலை நகராட்சிகள் வைத்திருந்து, வெயில் காலத்தில் விசாரிக்கும் ஏற்பாடு வந்தது. செல்வத்திற்கோ மருத்துவத்திற்கோ அந்நாட்டில் குறைவில்லை. கதவைத் தட்டும் அண்டை வீட்டாரே இல்லாது போயினர்.

அண்டை வீட்டாரைப் பற்றித் திருமறையின் நான்காம் அத்தியாயம் கூறும்போது, உறவான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் தனித்தனியே குறிப்பிட்டு, இருவருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. இரத்த பந்தமோ, ஊர்ப் பழக்கமோ இல்லாதவருக்கும் நம்மிடம் ஓர் உரிமையுண்டு என்பதே இதன் கருத்து. அந்த உரிமை இருபுறமும் ஓடுவது. கிராமத்தாருக்கு மதிலுக்குள் வந்தவர் அந்நிய அண்டை வீட்டார். வந்தவருக்கோ கிராமமே அந்நிய அண்டை வீட்டார்.

இவ்விடத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வை நினைத்துப் பார்ப்போம். கி.பி. 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. பிறந்த மண், கஅபா நிற்கும் மண், பிரிந்தபோது கலங்கிய மண் மீண்டும் கைக்கு வந்தது. அப்போது அவர்களுக்கு ஏறத்தாழ அறுபது வயது; நம் வழக்கில் ஓய்வு பெறும் பருவம். இனி நாயகம் சொந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்று மதீனத்து அன்ஸார்கள் அஞ்சினர். தம் வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என்று உறுதி கூறி, நாயகம் மதீனாவுக்கே திரும்பினார்கள். 632இல் அங்கேயே மறைந்து அங்கேயே அடக்கமானார்கள். பிறந்த ஊரை நேசித்தும் புகுந்த ஊரை அவர்கள் கைவிடவில்லை. ஏனெனில் மதீனாவில் அவர்கள் விருந்தினராக மட்டும் இருக்கவில்லை. பள்ளிவாசல் கட்ட மண் சுமந்தார்கள், அகழி தோண்டினார்கள், நோயாளியைக் கண்டு விசாரித்தார்கள், ஜனாஸாவின் பின்னே நடந்தார்கள்.

ஆகவே, இடம் பெயர்வதில் பிழையில்லை. இடம் பெயர்ந்து எவருக்கும் எதுவுமாகாமல் இருப்பதே பிழை. கொங்கு நாடு வந்தவரை ஏற்காத நாடன்று. வாலிப வயதில் கோவைக்கு வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொழில் நடத்தினார், ஆலை எழுப்பினார், 1862இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர் மறைந்தது 1936இல். அப்பள்ளி இன்றும் நடக்கிறது. ஆள்பவரின் இனத்தவர் என்ற வசதி அவருக்கு இருந்தது உண்மையே. ஆனால் ஊருக்கு எதையேனும் விட்டுச் சென்றவரின் பெயரை ஊர் மறக்கவில்லை என்பதும் உண்மை.

“அவர் வாலிபத்தில் வந்தார், எழுபதில் வந்த நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழங்கால் வலியும் இருதய மாத்திரையும் உள்ளவரிடம் பள்ளிக்கூடம் கட்டச் சொல்வது கொடுமை. ஆனால் மார்க்கம் சக்திக்கு மீறியதைக் கேட்பதில்லை. குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுமாறு நாயகம் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரையில் செல்வத்திற்கு வேலையே இல்லை. கூடுதலாகத் தேவைப்பட்டது தண்ணீரும் நினைவும்தான்.

நான் சொன்ன பெரியவர் அதைத்தான் செய்தார். 2022 ஏப்ரலில், கோடை நடுவே ரமலான் வந்தது. மதிலைத் தாண்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிறிய பள்ளிவாசலுக்கு மஃரிபுக்கு ஆட்டோவில் போனார். பாயில் தனியே உட்கார்ந்தவரிடம் ஒரு சிறுவன் நோன்புக் கஞ்சியை நீட்டி, “குடிங்க அத்தா” என்றான். மறுநாள் அவருடைய மனைவி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். பெருநாள் கழிந்ததும் மாலையில் சில பிள்ளைகளுக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மதிலுக்குள் நடந்த ஆண்டுகளில் தெரியாதிருந்த ஒன்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தினமும் தம் வாசலைக் கூட்டிய பெண்ணின் மகன்தான் அப்பிள்ளைகளில் மிகக் கெட்டிக்காரன். அவள் பெயரையே அவர் அதுவரை கேட்டதில்லை.

ஜமாஅத்தில் சந்தா கட்டிவிட்டாரா என்று பின்னர் நான் கேட்டேன். “கட்டிவிட்டேன். ஆனால் தம்பி, போன வாரம் இங்கே ஒரு மையித்து. சந்தூக்கோடு மையவாடி வரைக்கும் நானும் போனேன். தோள் கொடுக்க முடியவில்லை, கையை மட்டும் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தேன்” என்றார்.

ஜனாஸாவின் கடமை ஊர் முழுவதன் மீதும் விழுகிறது. சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பு நீங்கும். தம்மைத் தூக்குவோர் யார் என்று கேட்டவர், பிறர் சந்தூக்கில் கை வைத்த அன்றே பதிலைப் பெற்றுவிட்டார். வீட்டைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஊரை அப்படி வாங்க இயலாது. சலாம் சொல்லி, நலம் விசாரித்து, பெயர் கேட்டறிந்து, கொஞ்சங் கொஞ்சமாகச் சம்பாதிக்கவேண்டும். அதற்கு எந்த வயதும் தாமதமான வயதன்று. நம் தெருவுக்குப் புதிதாய் வந்த முதியவரின் கதவை இந்தக் கோடையில் நாம் ஒருமுறையேனும் தட்டினோமா என்பதையும் சிந்திப்போமாக.