சவாரியா, சரக்கா, காட்சிப் பொருளா?

மனிதன் பொருளை வைத்திருக்கிறானா, பொருள் மனிதனை வைத்திருக்கிறதா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் நமக்கு மிகப் பிரியமான பொருள் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினால் நாக்கு தயங்கும். இக்கேள்வியை ஆராய நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் உதாரணம் வாசகர்களுக்குச் சற்று விநோதமாகப் படலாம். அது அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஒரு கார். தூர தேசத்துச் சங்கதிதானே என்று தள்ளிவிடாமல் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம். அடுத்த வீட்டுக் கண்ணாடியிலும் நம் முகம் தெரியும் அல்லவா?

வாங்க ஆளில்லாத வண்டி

1960-களில் அமெரிக்கக் கம்பெனிகள் சிறிய, நடுத்தரக் கார்களில் மிகப் பெரிய எஞ்சின்களைப் பொருத்தி விற்றன. வேகத்தில் மோகம் கொண்ட வாலிபர்களே அவற்றை விரும்பி வாங்கினர். தசை வலு மிக்கவை என்ற பொருளில் அவற்றுக்கு ‘மஸில் கார்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. ஃபோர்டு கம்பெனி 1964-இல் ‘மஸ்டாங்’ காரை வெளியிட்டது. அதற்குப் போட்டியாக ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே பிரிவு 1966-இல் ‘கமேரோ’வைக் கொண்டு வந்தது. ஆனால் இத்தகைய கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைப்பதில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தது.

கட்டுப்பாடு உள்ள இடத்தில் சந்து தேடுவது மனித இயல்பு. பென்சில்வேனியா மாநிலத்துக் கேனன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் செவ்ரலே கார்களை விற்று வந்தவர் டான் யெங்கோ. அவர் பந்தய வீரரும்கூட. 1967-இல் அவர் புதிய கமேரோக்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 427 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினைத் தம் பட்டறையிலேயே மாட்டி விற்றார். 1969-இல் அந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துக்கொள்ள வழி கண்டார். டாக்சி, போலீஸ் வண்டி போன்றவற்றை மொத்தமாக வாங்குவோரின் தனித் தேவைகளுக்காகத் தலைமை அலுவலகம் வழியே ஆர்டர் எடுக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அந்த வாசல் வழியாக 425 குதிரைச் சக்தியுள்ள கமேரோக்கள் சுமார் 200 அவர் கைக்கு வந்தன.

அதே வாசலில் இன்னொருவரும் நுழைந்தார். இல்லினாய் மாநிலத்து லா ஹார்ப் ஊரைச் சேர்ந்த ஃபிரெட் கிப் என்ற விற்பனையாளர் அவர். பந்தயக் கார்களுக்கென உருவாக்கப்பட்ட, முழுதும் அலுமினியத்தாலான ‘இசட்-எல்-1’ எஞ்சினுடன் 50 கமேரோக்களுக்கு அவர் ஆர்டர் கொடுத்தார். அந்த எஞ்சினின் சக்தி காகிதத்தில் 430 குதிரைச் சக்தி. உண்மையில் 500-க்கும் மேல் என்பர் வல்லுநர். ஆனால் விலைச் சீட்டு வந்தபோது எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் போட்டிருந்தது. சாதாரணக் கமேரோ 3,000 டாலருக்கும் குறைவாகக் கிடைத்த காலத்தில் இந்த வண்டியின் விலை 7,000 டாலரைத் தாண்டிவிட்டது. வந்து பார்த்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். பெரும்பகுதி வண்டிகளைக் கம்பெனி திருப்பி எடுத்து வேறு விற்பனையாளர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மொத்தம் 69 கமேரோக்களோடு அந்தக் கதை முடிந்தது.

பிறகு காலமும் மாறியது. 1970-இல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, பெட்ரோலைக் குடிக்கும் இந்த வண்டிகள் வீட்டுக்குப் பாரமாயின. இரண்டாம் கை மூன்றாம் கையாக மலிந்த விலைக்குக் கைமாறின. பல பழைய இரும்புக் கடைக்கே போயின.

இன்று நிலை என்ன? எஞ்சியிருக்கும் அந்த அலுமினிய எஞ்சின் கமேரோக்கள் ஏலத்துக்கு வந்தால் பல லட்சம் டாலருக்குப் போகின்றன. வண்டியில் ஏதாவது கூடியதா? இல்லை. அதே உலோகம், அதே நான்கு சக்கரம். இளமையில் அவற்றை ஏக்கத்தோடு பார்த்து நின்றவர்கள் நடுவயதில் பணக்காரர்களானார்கள். அவர்களுடைய பழைய ஏக்கம் விலையாக மாறியது. அவ்வளவே.

ஓடுவதற்கென்றே பிறந்தது

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இத்தகைய காரை வாங்கியவர் அதை ஓட்டுகிறாரா? பெரும்பாலும் இல்லை. ஓடும் ஒவ்வொரு மைலும் அதன் மதிப்பைக் குறைக்கும் என்று அஞ்சுகிறார். கண்காட்சிக்குப் போவதென்றாலும் அதை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போகிறார். வேகத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி, பிறர் முதுகில் சவாரி செய்கிறது!

ஓட்டாமல் வைத்தால் பத்திரமாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. டாங்கியில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகிறது. ரப்பர் உலர்ந்து கசிவு உண்டாகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிறது. அந்த எஞ்சினுக்கு உகந்த, ஈயம் கலந்த பெட்ரோலோ 1996 முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே தனி எரிபொருள், தனி மெக்கானிக், பூட்டு, காவல், இன்ஷ்யூரன்ஸ். இரவில் மழை பெய்தால் உரிமையாளருக்குத் தூக்கம் போகிறது. இங்கே எஜமான் யார், ஊழியன் யார்?

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி உண்டு. 1968-இல் வெளிவந்த ‘புல்லிட்’ என்ற திரைப்படத்துக்காகத் தனியாக வலுவூட்டப்பட்ட பச்சை நிற மஸ்டாங் ஒன்றை, 1974-இல் நியூஜெர்சியில் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. அக்குடும்பத்துப் பெண்மணி ஓர் ஆசிரியை. அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார். 1977-இல் படத்தின் நாயகர் ஸ்டீவ் மெக்வீனே கடிதம் எழுதித் தமக்கு அதை விற்கும்படி கேட்டார். அவர்கள் கொடுக்கவில்லை. 1980-இல் கிளட்ச் பழுதாகி, வண்டி நெடுங்காலம் கொட்டகையில் கிடந்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலத்தில் அது 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அந்த வண்டி எப்போது உண்மையில் ஒருவருடைய உடைமையாக இருந்தது? ஆசிரியை ஒருவரைத் தினமும் பள்ளிக்குச் சுமந்து சென்றபோதுதான் என்பது நம் அபிப்பிராயம். அதன் பின்னர் அது ஒரு தொகையாகிவிட்டது.

அழகை விரும்புவது குற்றமா?

அப்படியானால் அரிய பொருளை வைத்திருப்பதே தவறா என்று கேட்கலாம். இல்லை. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சவாரிக்காக மட்டுமன்றி அலங்காரமாகவும் படைத்ததாகத் திருமறையே கூறுகிறது. கைத்திறனுள்ளவர் செய்த நல்ல பொருளைச் சிதையாமல் காப்பதும் ஒரு சேவைதான். பழைய எஞ்சினைத் திறந்து காட்டி இளைஞர்களுக்குத் தொழில் கற்பிப்பவரும் அவர்களிடையே இருக்கிறார்.

நிய்யத்தே இங்கு அளவுகோல். குதிரை ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச் சுமை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வகைப்படுத்திக் காட்டினார்கள். மூன்று பேருடைய கொட்டிலிலும் நிற்பது குதிரைதான். நல்ல நோக்கத்துக்காக வளர்த்தவருக்கு அது கூலியாயிற்று. பிறரிடம் கையேந்தாமல் வாழ வளர்த்து, அதில் உள்ள இறைவனின் உரிமையையும் மறக்காதவருக்குத் திரையாயிற்று. பெருமைக்கும் பகட்டுக்கும் வளர்த்தவருக்கோ சுமையாயிற்று. 425 குதிரைகளை ஓர் எஞ்சினுக்குள் கட்டி வைத்திருப்பவரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

ஜகாத்தின் சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. சொந்தச் சவாரிக்கான வண்டிக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைந்ததும் சந்தை விலையில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியது. நண்பர்களிடம் “இது என் முதலீடு” என்றும், கணக்கு வரும்போது “இது என் சவாரி” என்றும் சொல்பவர் யாரை ஏமாற்றுகிறார்?

எண்ணிலே பொய்

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுக் கமேரோவின் வண்டி எண்ணைப் பார்த்தால், எஞ்சின் ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பது மட்டுமே தெரியும். எட்டு சிலிண்டரில் எந்த எஞ்சின் என்பது தெரியாது. ஆகவே அரிய வண்டி எது, சாதாரண வண்டி எது என்பதை எஞ்சின் மேல் பொறித்த எண்ணும், பழைய ஆர்டர் காகிதங்களும்தான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனவே பழைய எண்ணை அராவி அழித்துவிட்டுப் புது எண்ணைப் பொறிக்கும் மோசடியும் நடக்கிறது.

அசல் போல ஒரு நகல் வண்டி செய்து, நகல் என்றே சொல்லி விற்பதில் குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம். மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி, ஈரமானதை அடியில் வைத்திருந்த கடைக்காரரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே.

ஆனால் ஒருவர் அறியாமல் பொய்யான வண்டியை வாங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அதில் போய்விட்டது. ஆண்டுகள் கழித்து ஒரு வல்லுநர் விளக்கைப் பிடித்துப் பார்த்து உண்மையைச் சொல்கிறார். அது அவ்விருவருக்கு மட்டுமே தெரியும். வாய் திறக்காமல் விற்றால் போட்ட பணம் வரும். உண்மையைச் சொல்லி விற்றால் பத்தில் ஒரு பங்கும் தேறாது. அவர் என்ன செய்ய வேண்டும்?

“நானும் ஏமாந்தவன்தானே” என்று மனம் வாதாடும். அந்த வாதம் செல்லாது. தம்மை ஏமாற்றியவரிடம் நியாயம் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்குப் பதிலாக, ஒன்றுமறியாத அடுத்தவரிடம் வசூலிக்க உரிமை இல்லை. ஏமாந்தது அவருக்கு நேர்ந்த நஷ்டம். ஏமாற்றினால் அது அவரே செய்த பாவம். சொல்வது எளிது, செய்வது மிகக் கடினம் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒரு தருணத்தில்தான், பொருளை அவர் வைத்திருந்தாரா, பொருள் அவரை வைத்திருந்ததா என்பது வெளிப்படும்.

பெயர்களின் வரிசை

டான் யெங்கோ 1987-இல் விமான விபத்தில் காலமானார். அவர் விற்ற வண்டிகளில் பல இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உரிமையாளர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் “இது என்னுடையது” என்று சொன்னவரே. கடைசியாக இருக்கும் பெயரும் ஒருநாள் நடுவில் உள்ள பெயராகிவிடும். நம்மிடம் இருப்பவை யாவும் அமானத் என்று ஆலிம்கள் சொல்லும்போது தலையசைக்கிறோம். அதன் பொருள் அந்தப் பெயர் வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது.

நம் வீட்டுப் பீரோவையும் இன்று ஒருமுறை திறந்து பார்ப்போம். யாருக்கும் பயன்படாமல், நமக்குக் கவலையை மட்டும் தந்துகொண்டு, உள்ளே உறங்கும் பொருள் எது? அது சவாரியா, சரக்கா, காட்சிப் பொருளா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பொருளைக் கையில் வைத்து, உள்ளத்தில் வைக்காதிருக்கும் பக்குவத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.